பொத்தானுக்கு முன் கைப்பிடி

இடைநிலைப் பள்ளிகளில் நடக்கும் புத்தாக்கக் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். முப்பரிமாண அச்சு இயந்திரத்தைச் சுற்றி மாணவர் கூட்டம் நிற்கிறது. ரோபோ வண்டியைச் சுற்றியும் நிற்கிறது. பட்டறை மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய மில்லிங் இயந்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது படிவம் 4 மாணவர் ஒருவர், “அது கையால் சுற்றுவது சார். இப்போது எல்லாமே சி.என்.சி. தானே? அதைக் கற்று என்ன பயன்?” என்றார்.

நியாயமான கேள்விதான். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இருந்த சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை நானே கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றினேன். வார இறுதி நாள்களில் மட்டுமே வேலை செய்ததால் ஓராண்டு பிடித்தது. அந்த மாணவருக்கான பதில் அந்த வேலையில் கிடைத்தது. தொழில்திறன் கல்வியைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் எல்லா மாணவர்களுக்கும் அது பொருந்தும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. லேத்தில் உலோகத்துண்டு சுழலும், வெட்டும் உளி சுழலாது. மில்லிங் இயந்திரத்தில் ‘கட்டர்’ எனப்படும் வெட்டுக்கருவி சுழலும். உலோகத்துண்டைப் பிடித்திருக்கும் மேசை அதை நோக்கி நகரும். மேசை இடவலமாக நகர ஒரு கைப்பிடி, முன்பின்னாக நகர ஒரு கைப்பிடி, கட்டர் பொருத்திய தலைப்பகுதி மேலும் கீழும் நகர ஒரு கைப்பிடி என மூன்று இருக்கும். கணக்குப் பாடத்தில் நாம் போடும் எக்ஸ், ஒய், இசட் அச்சுகள்தாம் இவை. ஒவ்வொரு கைப்பிடிக்கும் பின்னால் நீளமான திருகு ஒன்று இருக்கிறது. திருகு சுழன்றால் அதன்மேல் இருக்கும் மரை மேசையை இழுத்துச் செல்லும். என் இயந்திரத்தில் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேசை 2 மில்லிமீட்டர் நகரும்.

கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றுவது என்றால் மூன்று கைப்பிடிகளையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மூன்று மோட்டார்களைப் பொருத்தி, அவற்றைச் சுற்றும் வேலையைக் கணினியிடம் கொடுப்பது. இதற்கு ‘ஸ்டெப்பர்’ மோட்டார் பயன்படுகிறது. அது சாதாரண மோட்டார்போல் தொடர்ந்து ஓடாமல், மின்துடிப்பு வரும்போது மட்டும் ஓர் அடி எடுத்து வைக்கும். பொதுவாக 200 அடி சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகை ஒவ்வோர் அடியையும் மேலும் எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள். ஒரு சுற்றுக்கு மேசை 2 மில்லிமீட்டர் நகர்வதால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள். அதாவது ஒரு துடிப்புக்கு மேசை 0.00125 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

இந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மில்லிமீட்டரை 800 பங்காகப் பிரிக்கும் இயந்திரம் என்னிடம் இருக்கிறதே என்று நினைத்தேன். தூக்கிப்போட வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் ‘லினக்ஸ்சிஎன்சி’ என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். கட்டருக்குப் பதிலாகப் பேனாவைப் பொருத்தி, 40 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வரையச் சொன்னேன்.

வட்டம் வந்தது. ஆனால் கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் நான்கு இடங்களிலும் அது சற்றுத் தட்டையாக இருந்தது.

காரணம், திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி. பட்டறைகளில் இதை ‘பேக்லாஷ்’ என்பார்கள். நாம் தளர்வு என்று சொல்வோம். வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும் மேசையை இடப்பக்கம் திருப்பும்போது, திருகு அந்த இடைவெளியைக் கடக்கும் வரை சும்மா சுழலும். மேசை நகராது. வட்டத்தின் அந்த நான்கு இடங்களில்தான் ஏதாவது ஓர் அச்சு திசை மாறுகிறது. டயல் கேஜ் வைத்து அளந்தேன். தளர்வு 0.35 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்று நான்கு நகல் தாள்களின் தடிமன். நான் பெருமைப்பட்ட 0.00125 மில்லிமீட்டரைவிட அது 280 மடங்கு பெரியது.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். தளர்வைச் சரிசெய்ய இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். மென்பொருளிலோ அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. தளர்வு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கணினி அந்த அளவுக்குக் கூடுதலாகத் திருகைச் சுற்றிவிடும். 0.35 என்று எழுதினேன். பேனா மறுபடி வரைந்தது. இம்முறை அழகான வட்டம். படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மறுவாரம் பேனாவை எடுத்துவிட்டுக் கட்டரைப் பொருத்தி, அலுமினியத் தகட்டில் அதே வட்டத்தை வெட்டினேன். பாதி வட்டம் போவதற்குள் மேசை உதறியது. கட்டர் உலோகத்தைக் கடித்து இழுத்தது. வெட்டிய விளிம்பு பல்லால் கடித்ததுபோல் இருந்தது. மென்பொருளில் எல்லா எண்களையும் மாற்றிப் பார்த்தேன். பயனில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். நான் கணினித் திரையைக் காட்டி விளக்கத் தொடங்கினேன். அவர் திரைப் பக்கமே திரும்பவில்லை.

“கட்டரை நிறுத்து தம்பி. திரையில இப்ப எவ்வளவு காட்டுது?”

“சுழியம், ஐயா.”

அவர் மேசையின் இரு முனைகளையும் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினார். டொக், டொக் என்று சத்தம் வந்தது.

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“சுழியம்தான், ஐயா.”

“கட்டருக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியல,” என்றார்.

அவ்வளவுதான் பாடம். பேனா காகிதத்தை இழுப்பதில்லை. அதனால் மென்பொருள் சொன்ன இடத்தில் மேசை நின்றது. கட்டர் உலோகத்தை வெட்டும்போது மேசையைத் தள்ளுகிறது, இழுக்கிறது. மரைக்கும் திருகுக்கும் நடுவே 0.35 மில்லிமீட்டர் இடம் இருக்கும்வரை மேசை அந்த இடத்துக்குள் தன் விருப்பம்போல் ஆடும். கணினி துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றுக்கேற்ப மேசை நகர்ந்ததா என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. இடத்தை அளந்து திருப்பிச் சொல்லும் கருவி தனியாக இருந்தால் ஒழிய, திரையில் தெரியும் எண் கணினியின் நம்பிக்கை மட்டுமே. அளவுக் குறைபாட்டைக் கணக்கில் மறைத்தேன். உலோகத்தில் அது வெளியே வந்துவிட்டது.

பிறகு அவர் சொன்னபடி வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். மோட்டார்களைக் கழற்றினேன். மேசை சறுக்கிச் செல்லும் தடங்களைத் துடைத்து, அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் ‘ஜிப்’ எனப்படும் மெல்லிய பட்டையை இறுக்கி, மேசை ஆடாமலும் சிக்காமலும் நகரும்படி செய்தேன். டயல் கேஜை வைத்துத் தலைப்பகுதி மேசைக்கு நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் சாய்ந்திருந்தது. சரிசெய்தேன். எக்ஸ், ஒய் அச்சுகளில் பழைய திருகுகளை எடுத்துவிட்டு, 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ‘பால் ஸ்குரூ’ திருகுகளைப் போட்டேன். அவற்றின் மரைக்குள் சிறு எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வும் குறைவு, தளர்வும் குறைவு. மறுபடி அளந்தபோது தளர்வு 0.03 மில்லிமீட்டராக இறங்கியிருந்தது.

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். புதிய திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள் இருந்த இடத்தில் இப்போது 320 மட்டுமே. ஒரு துடிப்பின் நகர்வு 0.00125 மில்லிமீட்டரிலிருந்து 0.003125 மில்லிமீட்டராகக் கூடிவிட்டது. தாளில் பார்த்தால் என் இயந்திரம் முன்பைவிட மோசம். ஆனால் அது வெட்டிய வட்டம் வட்டமாக இருந்தது. நுணுக்கமாக எண்ணுவது வேறு, சரியாக இருப்பது வேறு. கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டுவதால் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எடுத்த அளவு சரியாகிவிடாது என்று இயற்பியல் ஆசிரியர் சொல்வதும் இதைத்தான்.

இசட் அச்சில் பழைய திருகையே விட்டுவிட்டேன். பால் ஸ்குரூவில் உராய்வு குறைவு என்பதால், மின்சாரம் போனால் கனமான தலைப்பகுதி தானாகவே இறங்கி வேலைமீது விழக்கூடும். பழைய திருகு அதைப் பிடித்து நிறுத்தும். மேலும், தலைப்பகுதியின் எடையே திருகின் ஒரு பக்கத்தில் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் தளர்வு அங்கே அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. புதியது எல்லா இடத்திலும் நல்லது என்ற நினைப்பும் இப்படித்தான் என்னிடமிருந்து போனது.

என் தவறு ஏன் பலரும் செய்யக்கூடிய தவறு என்பதற்கு வரலாற்றிலும் ஒரு விளக்கம் இருக்கிறது. சி.என்.சி. என்றால் மனிதக் கையை விட்டு விலகிய தொழில்நுட்பம் என்று நினைக்கிறோம். அது பிறந்த கதை அப்படி இல்லை. 1940-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் தயாரித்து வந்தார். இறக்கையின் வளைவைச் சரியாக வெட்ட வேண்டும். அவரும் பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலனும் வளைவின் மீதுள்ள பல புள்ளிகளைக் கணக்கிட்டு அட்டவணை போட்டார்கள். பட்டறையில் ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். ஒருவர் எக்ஸ் கைப்பிடியைச் சுற்றுவார், இன்னொருவர் ஒய் கைப்பிடியைச் சுற்றுவார். எண்களால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் முறை மனிதர்களின் கைகளில்தான் தொடங்கியது.

1949-இல் அமெரிக்க விமானப்படை பார்சன்ஸுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அந்தப் பணியில் சேர்ந்து, 1952-இல் முதல் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது. துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகள் இருந்தன. மின்னணுப் பகுதி முழுக்க வெற்றிடக் குழாய்களால் ஆனது. ஆனால் உலோகத்தை வெட்டியது புதிதாகச் செய்த இயந்திரம் அல்ல. ‘சின்சினாட்டி ஹைட்ரோடெல்’ என்ற, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மில்லிங் இயந்திரத்தைத்தான் மாற்றியமைத்தார்கள். ஆக, உலகின் முதல் எண் கட்டுப்பாட்டு இயந்திரமே ஒரு மாற்றியமைப்பு வேலைதான். பள்ளிப் பட்டறையில் துணி போர்த்திக் கிடக்கும் இயந்திரத்துக்கும் அதற்கும் உள்ள உறவு, நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

கணினிக்குத் தெரியாதது தளர்வு மட்டுமல்ல. ‘ஜி1 எக்ஸ்50 எஃப்240’ என்று ஒரு வரி எழுதினால், நிமிடத்துக்கு 240 மில்லிமீட்டர் வேகத்தில் எக்ஸ் அச்சில் 50 என்ற இடத்துக்கு நேர்கோட்டில் போ என்று பொருள். அந்த 240 எங்கிருந்து வந்தது? கட்டர் நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கிறது. அதற்கு இரண்டு பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் 0.03 மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்க 240 வரும். 6 மில்லிமீட்டர் கட்டர் அந்த வேகத்தில் சுழன்றால் அதன் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 75 மீட்டர் ஓடுகிறது. ஹைஸ்பீடு எஃகுக் கட்டரால் அலுமினியத்தை வெட்ட இது ஏற்ற வேகம். அதே கட்டரை அதே வேகத்தில் சாதாரண எஃகின்மீது வைத்தால் விரைவில் முனை கருகிவிடும். அங்கே 1,300 முதல் 1,600 சுற்றுகள் போதும். மேசைமேல் இருப்பது அலுமினியமா எஃகா என்று கணினி கேட்பதில்லை. கையால் சுற்றியவருக்குக் கைப்பிடி கனப்பதும், சத்தம் மாறுவதும், சீவல் நிறம் மாறுவதும் தெரியும். அந்த அறிவைத்தான் நாம் எண்ணாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கிறோம். இல்லாத அறிவை எப்படிக் கொடுப்பது?

பாதுகாப்பிலும் இதே கதைதான். அவசர நிறுத்தப் பொத்தானை நான் முதலில் கணினிக்கு மட்டுமே இணைத்திருந்தேன். “கம்ப்யூட்டர் உறைஞ்சிட்டா இந்தப் பொத்தான் யார்கிட்ட சொல்லும்?” என்று பெரியவர் கேட்டார். அன்றே கம்பிகளை மாற்றினேன். இப்போது அதை அழுத்தினால் மென்பொருளின் அனுமதி கேட்காமலேயே மோட்டார்களுக்கும் கட்டருக்கும் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். வீட்டு மின்சாரத்தைத் தொடும் இந்த இணைப்புகளைத் தகுதிபெற்ற ஒருவர் சரிபார்க்காமல் மாணவர்கள் யாரும் இயக்கக்கூடாது. கண்ணாடி கட்டாயம். சுழலும் கட்டர் அருகே கையுறை கூடாது. அது விரலைக் காக்காது, கட்டரில் சிக்கிக் கையையே இழுத்துவிடும்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். கையால் சுற்றுவதைக் கற்று என்ன பயன்?

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை உருவானதிலிருந்து பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. அவற்றுக்கு வேண்டிய அச்சுகளையும் பிடிப்பான்களையும் உதிரிபாகங்களையும் செய்து கொடுக்கும் இயந்திரப் பட்டறைகளும் கூடவே வளர்ந்தன. அத்தகைய பட்டறைகளில் வேலை மூன்று நிலைகளில் இருக்கிறது. துண்டை மாட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்துபவர் ஆப்பரேட்டர். கட்டரைத் தேர்ந்து, துண்டைப் பிடித்து, அளவைச் சரிபார்த்து, இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்பவர் செட்டர். வரைபடத்தைப் பார்த்துக் கட்டளைகளை எழுதுபவர் புரோகிராமர். பொத்தான் அழுத்துவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும் வேலைக்கு ஒரு வாரத்தில் மாற்று ஆளும் கிடைப்பார், நாளை அதைச் செய்ய ரோபோக் கையும் வரும். அளவு தவறும்போது ஏன் தவறியது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அவ்வளவு எளிதில் மாற்று கிடைக்காது. நம் பிள்ளைகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுவார்களா, மேலே போவார்களா என்பதுதான் இங்கே பந்தயம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து, ‘கையில் எண்ணெய் படும் வேலைக்கா உன்னைப் படிக்க வைத்தேன்?’ என்று கேட்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. முந்தைய தலைமுறை பட்ட சிரமம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மேலே நான் எழுதியதை எண்ணிப் பாருங்கள். அதில் கணிதம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, மின்னணுவியல் இருக்கிறது, நிரலாக்கம் இருக்கிறது. இந்நாட்டின் மலேசியத் திறன் சான்றிதழ் முறையும் முதல் மூன்று நிலைகளோடு நின்றுவிடாமல், நான்காம் நிலையில் டிப்ளோமாவாகவும் ஐந்தாம் நிலையில் மேற்டிப்ளோமாவாகவும் தொடர்கிறது. கையில் எண்ணெய் படுவதால் படிப்பு குறைந்துவிடுவதில்லை.

‘மாற்றுவதற்குச் செலவழிக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் ஆயத்தமான சிறு சி.என்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாமே’ என்று சிலர் கேட்கலாம். பொருள்களைச் செய்வதுதான் நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி. என் இயந்திரம் இன்றும் சிறியதுதான். எஃகில் ஆழமாக வெட்டச் சொன்னால் நடுங்குகிறது. எந்த மென்பொருளும் அதன் வார்ப்பிரும்பைக் கனமாக்காது. ஆனால் பள்ளியின் நோக்கம் பொருள் செய்வதல்ல, ஆளை உருவாக்குவது. ஆயத்தமாக வாங்கிய இயந்திரம் பழுதானால் அதை விற்றவரைக் கூப்பிடுவோம். நாமே மாற்றிய இயந்திரம் பழுதானால் அதன் ஒவ்வொரு திருகையும் நமக்குத் தெரியும்.

ஆகவே பள்ளிகளுக்கும் தொழிற்கல்லூரி மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். மூலையில் கிடக்கும் அந்த இயந்திரத்தின் மேலுள்ள துணியை எடுங்கள். உடனே மோட்டார் வாங்கப் போகாதீர்கள். முதல் தவணையில் செலவே இல்லாத ஒரு பயிற்சியைச் செய்யுங்கள். மாணவர்கள் ஒரு வளைவுக்கான புள்ளிகளைக் கணக்கிட்டு அட்டவணை போடட்டும். ஆசிரியர் மேற்பார்வையில் ஒருவர் எண்களைப் படிக்கட்டும், ஒருவர் எக்ஸ் கைப்பிடியைச் சுற்றட்டும், இன்னொருவர் ஒய் கைப்பிடியைச் சுற்றட்டும். பேனாவால் வரைந்தால் போதும். தளர்வு எங்கே இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதை அளக்கட்டும், தடங்களைச் சரிசெய்யட்டும். இரண்டாம் தவணையில் ஓர் அச்சுக்கு மட்டும் மோட்டார் போடுங்கள். மற்றவை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இருக்கட்டும். உங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஃபிட்டரோ டர்னரோ இருந்தால் அழைத்து வாருங்கள். அவர்களிடம் இருப்பதைப் பாடப்புத்தகத்தில் முழுதாக எழுதி வைக்க முடியாது.

மாணவர்களே, சி.என்.சி. கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் திரையில் சுழியம் என்று காட்டும்போது, ஒரு முறை மேசையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். என் இயந்திரத்திலிருந்து கழற்றிய மூன்று கைப்பிடிகளையும் நான் தூக்கிப்போடவில்லை. புதிதாகப் பார்க்க வரும் பிள்ளைகளிடம் முதலில் அவற்றைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.